அந்தரமாக் கிடக்கு

என் நாட்குறிப்புகளில் ஆண்டு, மாதம், திகதி, கிழமை நான்கும் இருக்கும். மழை பெய்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன். இங்கே ஆண்டையும் திகதியையும் விட்டுவிட்டு மாதத்தையும் கிழமையையும் மட்டும் தருகிறேன். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அவள் யாரென்று அந்தக் கிளினிக்கில் வேலை செய்கிற எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்களை எழுதாததற்கும் அதுவே காரணம். திகதி இல்லாமல் எழுதுவது எனக்கு வெறுங்காலோடு கொழும்புக் காலி வீதியில் நடப்பதுபோல் இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இருபத்திரண்டு வருடங்கள் ஒரு பதிப்பகத்தில் ஒப்புநோக்குநராக இருந்தேன். மற்றவர்கள் விட்ட பிழைகளைப் பிடிப்பதுதான் தொழில். ஒற்று மிகும் இடம், மிகா இடம், ரகர றகரம், வரி மாறிப்போன அட்டவணை எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது என்று பேர் எடுத்திருந்தேன். அந்த வேலையில் இருந்தபோதே எனக்கு வருத்தம் வந்தது, மனநோய். இரண்டு தரம் வார்ட்டில் இருந்தேன். முதல் தரம் பதினேழு நாட்கள், இரண்டாம் தரம் நாற்பத்தொரு நாட்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடங்களாக ஒரே குளிசைதான். அளவு மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. வெள்ளவத்தையில் தங்கையின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கரையோர ரயிலின் சத்தம் வரும், கடல் வராது. நடுவில் ஆறு மாடிக் கட்டடமொன்று நிற்கிறது.

வேலையை விட்டு மூன்று வருடங்களுக்குப் பிறகு, நான் நோயாளியாகக் கொப்பி வைத்திருந்த அரசாங்க மனநலக் கிளினிக்கில் ஒரு புதிய வேலையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். வருத்தம் வந்து தெளிந்தவர்களைச் சம்பளத்துக்கு எடுத்து, வருத்தத்தோடு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் இருத்துவது. மருந்து சொல்லக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. எங்களுக்கு நடந்ததை, கேட்டால் சொல்லலாம். மற்றபடி அவர்கள் காத்திருக்கும் வாங்கில் கூட இருக்க வேண்டும். வராதவர்களுக்கு அடுத்த நாள் போன் எடுக்க வேண்டும். மூன்று கிழமைப் பயிற்சி தந்து, கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தந்தார்கள். அட்டையில் மூன்று மொழிகளிலும் பதவிப் பெயர் இருந்தது. தமிழில் 'சமவயது ஆதரவு ஊழியர்' என்று அச்சடித்திருந்தார்கள்.

'peer' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு யாரோ அகராதியைத் திறந்து முதல் கண்ட சொல்லைப் போட்டுவிட்டார்கள். 'சக' என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் வயது வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் நாளே ஒரு முதியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் அட்டையைப் பிடித்து வாசித்தார்.

"பிள்ளை, எனக்கு எழுபத்தாறு. உமக்கு?"

"ஐம்பத்து நாலு, ஐயா."

"அப்ப இது பொய்யெல்லோ?"

"பொய் இல்லை ஐயா, மொழிபெயர்ப்புப் பிழை."

"அவங்கட பிழையை நீர் ஏன் கழுத்தில கொழுவிக்கொண்டு திரியிறீர்?"

வாங்கு முழுவதும் சிரித்தது. அவர்களோடு எனக்கு ஏற்பட்ட முதல் உறவு அந்தப் பிழையால் ஏற்பட்டது. திருத்தச் சொல்லி மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் வரவில்லை. அட்டை இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இப்போது அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

அவள் முதலில் வந்தது மார்ச் மாத இரண்டாவது வியாழக்கிழமை. வார்ட்டிலிருந்து வீட்டுக்குப் போய் ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. வாங்கின் நுனியில், எழும்பி ஓடத் தயாரானவள்போல இருந்தாள். மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"நீங்கள் டொக்டரோ அக்கா?"

"இல்லை. நானும் கொப்பிக்காரிதான்." என் பையிலிருந்து என் கொப்பியை எடுத்துக் காட்டினேன். ஓரங்கள் கறுத்து, மூன்று தரம் ஒட்டுப்போட்ட கொப்பி.

அவள் அதைத் தொடாமல் பார்த்தாள். "எத்தினை வருசம்?"

"பன்னிரண்டு."

"அப்ப சுகமாகாதோ?"

"சுகமாகும். கொப்பி மட்டும் இருக்கும்."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. ஆனால் வாங்கில் கொஞ்சம் பின்னுக்குச் சரிந்து, முதுகைச் சுவரில் சாய்த்தாள். எங்கள் வேலையில் அதுவே பெரிய விஷயம். அன்றைய குறிப்பில் அதை எழுதியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரக் கிராமமொன்றில் பிறந்தவள். கொட்டாஞ்சேனையில் கலியாணம் கட்டி வந்து பதின்மூன்று வருடங்கள். தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் ஒரு வாடகை அறை. கணவன் கட்டாரில் சாரதி. வீட்டிலிருந்து தலையணை உறையும் நைட்டியும் தைத்து, புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான அளவு பேசுவாள். அதற்கு மேல் போனால் தலையை ஆட்டிவிட்டு இருந்துவிடுவாள்.

பத்து வயதில் ஒரு மகள் இருந்தாள். தாய் வார்ட்டுக்குப் போனபோது கணவனின் அக்கா பிள்ளையை வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே பள்ளிக்கூடமும் மாற்றியாயிற்று. அந்த மச்சாளைப் பற்றி அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அவ இல்லாட்டி பிள்ளை தெருவில" என்பாள். மச்சாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். டிசம்பர் மாதத்து நத்தார்ப் பண்டிகை வரை அவள் மறுபடி வார்ட்டுக்குப் போகாமல் இருந்தால், நத்தாருக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும். வந்தால் திரும்பிப் போகாது. தாய் நிலை தடுமாறி நின்றதை அந்தப் பிள்ளை ஒரு தரம் கண்டிருந்தது. இரண்டாம் தரம் காண விடமாட்டேன் என்று மச்சாள் சொன்னதில் நியாயம் இருந்தது.

"ஒன்பது மாசம், அக்கா. ஒரு பிள்ளையைச் சுமக்கிற கணக்குத்தானே" என்றாள் அவள்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழன் வந்தாள். மே மாதத்தில் அது பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் விழுந்ததால் புதன்கிழமை வைத்தார்கள். அதையும் மறக்காமல் வந்தாள். குளிசைகளைத் தவறாமல் போட்டாள். நித்திரை வந்தது. ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து காட்டினாள். பிள்ளைக்குக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கப் போவதாகச் சொன்னாள்.

"அளவு?"

அளவுநாடாவை எடுத்தாள். அதில் பேனையால் சிறிய கோடுகள் போட்டிருந்தாள். தோள், கை, இடுப்பு, நீளம். வத்தளைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிற சாட்டில் நாடாவைச் சுற்றி அளந்துகொண்டு வருவதாகச் சொன்னாள். நீளத்துக்கு மட்டும் நான்கு கோடுகள் இருந்தன.

"வளருது அக்கா, நிக்குதில்லை. அதால அடி மடிப்பை அகலமா விடப்போறன். நத்தாருக்குள்ள எத்தினை அங்குலம் வளர்ந்தாலும் இறக்கலாம்."

கிளினிக் முடிந்ததும் அவள் நேரே வத்தளைக்குப் போவாள். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பார்க்கலாம், பஸ் ஹோல்ட் வரை கூட நடக்கலாம். அதனால் மருந்து ஜன்னலில் நம்பர் கூப்பிட்டதும் ஓடுவாள். "அந்தரமாப் போறன் அக்கா, ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டிடும்" என்று நடந்துகொண்டே சொல்வாள். ஏப்ரலிலும் சொன்னாள், ஜூலையிலும் சொன்னாள். என் குறிப்பில் இரண்டு இடத்தில் இருக்கிறது. எங்கள் பேச்சில் அந்தரம் என்றால் அவசரம். அவசரம் மட்டுமே என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஜூன் கடைசியில் எங்கள் கிளினிக்கில் தமிழ் பேசுகிற ஒரேயொரு தாதியும் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். டொக்டர் தெற்கிலிருந்து வந்த சிங்கள இளைஞர், நல்ல மனிதர். நித்திரை, சாப்பாடு, சுகம், எப்படி என்று ஏழெட்டுத் தமிழ்ச் சொற்கள் படித்து வைத்திருந்தார். அதற்கு மேல் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள், மொழிபெயர்ப்பது உங்கள் வேலை அல்ல என்று. ஆனால் ஒருவர் வாயசைத்து மற்றவர் விளங்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி வாங்கில் இருப்பது? போனேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். சந்தோஷத்தோடுதான் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

செப்டெம்பர் மாத இரண்டாவது வியாழக்கிழமை. காலையில் மழை. பதினொரு மணிக்கு மேல்மாடியில் ஒரு கூட்டம் இருந்தது. எங்கள் வேலையைத் தொடர்ந்து நடத்துவதா இல்லையா என்று முடிவெடுக்கிற அதிகாரிகள் வருகிறார்கள், நீங்கள்தான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று பொறுப்புத் தாதி சொல்லியிருந்தார். நீலக் கைத்தறிச் சேலை கட்டியிருந்தேன். மூன்று பக்கம் எழுதி, திருத்தி, சுத்தப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். ரயில் பிந்தியதால் வாங்கில் யாரோடும் சரியாக இருக்க முடியவில்லை. அவளைத் தூரத்தில் கண்டு கையசைத்தேன். அவளும் கையை உயர்த்தினாள்.

பத்து நாற்பதுக்கு டொக்டர் கூப்பிட்டார். உள்ளே அவள் கதிரையில் இருந்தாள். நான் கதவருகிலேயே நின்றேன். டொக்டரின் தலைக்கு மேல் சுவர்க்கடிகாரம்.

"நித்திரை நல்லமா?" என்று டொக்டர் தமிழில் கேட்டார்.

"ஓம்."

"சாப்பாடு?"

"சாப்பிடுறன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எனக்கு அந்தரமாக் கிடக்கு. ஒரே அந்தரம். சொல்லுங்கோ அவரிட்ட."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "எயாட்ட டிகக் ஹதிசி, டொக்டர்" என்றேன். அவளுக்குக் கொஞ்சம் அவசரம் என்று அர்த்தம்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. "ஆ, துவ பலன்ன யனவத?" மகளைப் பார்க்கப் போகிறாளா என்று சிரித்துக்கொண்டே என்னிடம் வேகமாகக் கேட்டார். ஓம் என்று நானே தலையாட்டினேன். இவ்வளவு நன்றாக இருக்கிறவளை மாதாமாதம் கூப்பிட்டு வாங்கில் காக்க வைப்பானேன் என்று சொல்லி, கொப்பியில் அடுத்த திகதியை நவம்பருக்குப் போட்டார். இரண்டு மாத மருந்து.

"முடிஞ்சுதோ?" என்று அவள் கேட்டாள்.

"முடிஞ்சுது. ரெண்டு மாசத்துக்குத் தந்திருக்கு. நல்ல விசயம்."

"ரெண்டு மாசமோ?"

"ஓம், ஓம். நீங்கள் நல்லா இருக்கிறீங்களெண்டுதான்."

அவள் டொக்டரைப் பார்த்தாள். பிறகு கொப்பியைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையின் வாயை மூன்று தரம் மடித்தாள். "சரி அக்கா" என்றாள். நான் படிகளில் ஏறினேன். ஏறும்போது அவள் மருந்து ஜன்னலுக்கு ஓடாமல் மெதுவாக நடந்து போவதைக் கண்டேன். கண்டேன் என்பது எனக்கு நிச்சயம். கண்டு என்ன நினைத்தேன் என்பதுதான் நினைவில்லை.

மேல்மாடியில் நன்றாகப் பேசினேன். 'நாங்கள் அவர்களுடைய மொழியைப் பேசுகிறோம்' என்று ஒரு வசனம் அதில் இருந்தது. அதற்குக் கைதட்டினார்கள். அன்றிரவுக் குறிப்பு இப்படி முடிகிறது: 'பேச்சு திருப்தி. அவள் நலம். மகளைப் பார்க்க அவசரத்தோடு போனாள். அடுத்த திகதி நவம்பர்.'

ஒக்டோபரில் அவளுக்குப் போன் எடுக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை. திகதி தவறியவர்களுக்குத்தான் எடுப்போம். அவள் எந்தத் திகதியையும் தவறவிடவில்லை.

நவம்பர் மாத இரண்டாவது வியாழக்கிழமை பகல் ஒரு மணி வரை வாங்கின் அவள் வழக்கமாக இருக்கிற பக்கத்தில் ஒரு கண் வைத்திருந்தேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று தரம் போன் எடுத்தேன். போன் நிறுத்தப்பட்டிருந்தது. தனியாக வீட்டுக்குப் போக எங்களுக்கு அனுமதியில்லை. செவ்வாய்க்கிழமை பொறுப்புத் தாதியோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒழுங்கையில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அறை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"அவங்களயா தேடுறீங்க? ஞாயித்துக்கிழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே. சர்ச்ல பூச நடக்கிறப்பவே நடுவுல எழும்பி, பிள்ளய காணோம் பிள்ளய காணோம்னு ஒரே சத்தம். பிள்ள வத்தளைல பத்திரமா இருக்குமானு நாங்க சொல்றோம், காதுலயே விழல்ல. மச்சாளுக்குக் கோல் பண்ணிச் சொல்லித்தான் ஆட்டோவுல ஏத்தினோம்."

"அதுக்கு முன்னம் எப்படி இருந்தவ?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா மெசின் சத்தமே இல்ல, மிஸ். நானும் ஒடம்புக்கு முடியல்லயோனு நெனச்சேன். கேட்டா, சொன்னா யாரு கேக்கிறானு சொல்லிட்டு கதவச் சாத்திருவாங்க."

ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே தையல் மெசினில் ஊசிக்குக் கீழே வெள்ளைத் துணி அப்படியே கிடந்தது.

வார்ட்டில் அவளைப் பார்க்க அனுமதி கிடைத்தது டிசம்பர் முதல் வியாழன். தலையை யாரோ எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டிருந்தார்கள். மருந்தால் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"வாங்கோ அக்கா. இருங்கோ." கட்டிலில் எனக்கு இடம்விட்டு நகர்ந்தாள். "பிள்ளை வராது."

"ஆர் சொன்னது?"

"மச்சாள் வந்தவ. கோவிக்கேல்ல. நல்லாத்தான் கதைச்சவ. அடுத்த நத்தாருக்குப் பாப்பமெண்டு சொன்னவ."

பிறகு கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"வருத்தம் கூடக் கூட எனக்கொரு போன் எடுத்திருக்கலாமே? என்ர நம்பர் கொப்பியின்ர பின் மட்டையில கிடக்குதே."

"எடுத்து என்னத்தைச் சொல்ல? சொன்னதுதானே."

"எப்ப?"

"செப்டெம்பர்ல. அந்தரமாக் கிடக்கெண்டு சொன்னன். நீங்களும் ஹதிசி எண்டு டொக்டரிட்டச் சொன்னனீங்கள்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள். "உங்களில பிழை இல்லை அக்கா. நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். எனக்கு அந்தச் சொல் தெரியும். முதல் தரம் என்னை ஏத்திக்கொண்டு வந்த ஆட்டோக்காரன் கேற்றில நிண்டு ஹதிசி, ஹதிசி எண்டு கத்தினவன். உடன விட்டவங்கள். அதுதானே அந்த வாசலுக்கே பேர். டொக்டர்தான் சிரிச்சவர். ஹதிசி எண்டு கேட்டும் சிரிச்சுப்போட்டு ரெண்டு மாசத்துக்குப் பிறகு வா எண்டவர். அதோட எனக்கு விளங்கீட்டுது. என்ர அந்தரம் அவைக்கு ஒரு விளையாட்டு. பிறகு குளிசை போட்டென்ன, போடாட்டியென்ன?"

சிங்களத்தில் ஹதிசி என்றால் அவசரம். வீட்டுக்குப் போக அவசரம் என்பதற்கும் அதுதான். உயிருக்கு ஆபத்து, உடனே கவனியுங்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் எழுதியிருப்பதற்கும் அதுதான். நான் முதலாவதைச் சொன்னேன். டொக்டர் முதலாவதைக் கேட்டார். அவள் கேட்டது இரண்டாவதை. மூன்று பேர் இருந்த ஓர் அறையில் ஒரு சொல், மூன்று பேருக்கும் விளங்கிய சொல்.

அன்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்புகள் இருந்த பெட்டியை இழுத்தேன். முதல் தரம் நான் வார்ட்டுக்குப் போன ஆண்டின் புத்தகம். போவதற்குப் பதினொரு நாட்களுக்கு முன், ஒரு பக்கத்தில் திகதியும் கிழமையும் எழுதி, கீழே ஒரேயொரு சொல் எழுதியிருக்கிறேன். அந்தரம். மிச்சப் பக்கம் வெறுமை. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தங்கையிடம் அதையே சொன்னேன். அவள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, "எங்க போக அந்தரம்?" என்று கேட்டாள். அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்லை அறிந்தவள்தான் நான். கால் நிலத்தில் படாமல், கையில் பிடி இல்லாமல், நடுவில் தொங்குகிற அந்த உணர்ச்சிக்குத் தமிழில் வேறு பெயர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதோடு, அவசரமாகப் போகிறவள் 'அந்தரமாப் போறன்' என்பாள். 'அந்தரமாக் கிடக்கு' என்று சொல்ல மாட்டாள். கிடக்கு என்ற அந்த வினையை நான் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருடங்கள் வினைமுற்றுகளைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள். அன்று அந்த அறையில் அவசரம் எனக்குத்தான் இருந்தது. என்னுடையதைத்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அடுத்த வியாழன் டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார். நானும் திருப்பிக் கேட்கவில்லையே என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அந்தரம் என்றால் என்ன என்று கேட்டார். கால் மணி நேரம் முயன்றேன். பயம் என்றேன், இல்லை. தவிப்பு என்றேன், முழுக்க இல்லை. ஈற்றில் ஒரு காலைத் தூக்கி, கைகளை விரித்து நின்று காட்டினேன். அவர் அந்தச் சொல்லைச் சிங்கள எழுத்தில் ஒரு துண்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகினார்.

அவளிடமும் சொல்லப் போகிறேன் என்று பொறுப்புத் தாதியிடம் சொன்னபோது அவர் வேண்டாம் என்றார். அவளுக்கு இப்போது நம்பிக்கை இருக்கிற ஒரே ஆள் நீங்கள், உங்கள் மனப் பாரத்தை இறக்க அவள் தலையைத் தேடாதீர்கள் என்றார். அதில் உண்மை இருந்தது. இரண்டு நாட்கள் யோசித்தேன். சொல்லாவிட்டால் அவள் என்னை நம்புவாள். டொக்டரை ஒருநாளும் நம்பமாட்டாள். மருந்து எழுதுகிறவர் அவர். வார்ட்டுக்கு வெளியே இருந்தால்தான் பிள்ளை. நம்பிக்கை ஒருவர்மேல்தான் மிஞ்சும் என்றால் அது யார்மேல் இருக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

நத்தாருக்கு ஐந்து நாட்கள் இருந்தன. வார்ட்டில் யாரோ கடுதாசி நட்சத்திரம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மழை, ரயில், கூட்டம், கடிகாரம், நான் சொன்ன சொல், டொக்டர் கேட்ட கேள்வி.

"அப்ப டொக்டர் சிரிச்சது?"

"நீங்கள் பிள்ளையிட்டப் போறீங்களெண்டு நினைச்சு. சந்தோசத்தில."

"அப்ப அவர் நல்ல மனுசன்தான்."

"ஓம்."

நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்கட தாய் தேப்பன் எவ்விடம்?"

"யாழ்ப்பாணம்தான்."

"அப்ப அந்தரமெண்டா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்களுக்கும் இந்த வருத்தம் வந்ததெண்டு சொன்னனீங்கள்."

"வந்தது."

"தெரிஞ்சுமோ?"

பதில் சொல்ல வேண்டியிருந்தது. "அண்டைக்கு எனக்கு அவசரமா இருந்தது" என்றேன்.

"ஓ" என்றாள். கோபமில்லை. கட்டிலில் சரிந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பாமலே, "போங்கோ" என்றாள். போயிட்டு வாங்கோ என்று சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் அவளை வீட்டுக்கு விட்டார்கள். பெப்ரவரி தொடக்கம் இரண்டாவது வியாழக்கிழமைகளில் தவறாமல் வருகிறாள். என் வாங்கில் இருப்பதில்லை. என்னோடு வேலை செய்கிற சிங்களப் பெண்ணின் பக்கத்தில் போய் இருக்கிறாள். இருவரும் குறைந்த சொற்களால் நிறையக் கதைக்கிறார்கள். டொக்டரின் அறைக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. இப்போது ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வியாழனில் அனுப்புகிறது. கதவு சாத்தாத நாட்களில் டொக்டரின் குரல் எனக்குக் கேட்கும். நித்திரை நல்லமா, சாப்பாடு எப்படி, அதற்குப் பிறகு, ஒவ்வொரு மாதமும், "அந்தரம் இருக்கா?"

"கொஞ்சம், டொக்டர்" என்பாள். அல்லது, "இந்த மாசம் இல்லை."

பிள்ளை இன்னும் வத்தளையில்தான். அடுத்த நத்தார் என்று மச்சாள் சொன்னது அப்படியே நிற்கிறது. வெள்ளைச் சீருடை என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை என்னிடம் இல்லை.

செப்டெம்பர் நாட்குறிப்பில் 'அவள் நலம்' என்ற இரண்டு சொற்களின் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன். என் பழைய தொழிலில் பிழையை அழிக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே அது வாசிக்கத் தெரிய வேண்டும். சரியான சொல்லைப் பக்கத்து ஓரத்தில் எழுதுவார்கள். எழுதியிருக்கிறேன்.

ஜூன் மாதக் கிளினிக்கில் மருந்து ஜன்னலில் அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு வாசலை நோக்கி விரைந்தபோது பையிலிருந்து கொப்பி நழுவி என் காலடியில் விழுந்தது. எடுத்துத் துடைத்து நீட்டினேன். ஆறு மாதத்தில் அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தோம். முகம் தெளிந்திருந்தது. கழுத்தில் அளவுநாடாவைப் போட்டிருந்தாள், மறந்துபோய் அப்படியே வந்திருக்க வேண்டும். நீளத்துக்கான கோடுகள் இப்போது ஏழு.

"பிள்ளையிட்டயோ?" என்று கேட்டேன்.

கொப்பியை வாங்கினாள். வாய் திறந்து, 'அந்' என்று தொடங்கி நின்று, வேறு சொல்லை எடுத்தாள்.

"ஓம். எனக்கு அவசரம்" என்றாள்.

படிகளில் இறங்கி, மழைக்குள் பஸ் ஹோல்ட்டை நோக்கி ஓடினாள். நேரம் பன்னிரண்டு பத்து. வியாழக்கிழமை.